என் பெயரில் நடந்த ஒப்பரேஷன்கள்

1. பட்டியல்

அன்று காலை பயிற்சி அறைக் கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தால், நான் நாற்பத்தொரு பித்தப்பை ஒப்பரேஷன் செய்திருந்தேன். அவற்றில் முப்பதுக்கு மேல் படு தோல்வி. ஒன்றில் ஈரலைக் குத்தியிருந்தேன், இன்னொன்றில் பித்தக்குழாயையே வெட்டியிருந்தேன்.

நான் டொக்டர் இல்லை. கல்முனைப் பக்கத்து ஓர் ஆஸ்பத்திரியில் பயோமெடிக்கல் டெக்னீஷியன். மயக்க மருந்து மெஷின், ஈசிஜி, தியேட்டர் லைட் என்று எது பழுதுபட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கத்தி பிடிப்பதெல்லாம் ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானி கொடுக்கிற உழ்ஹிய்யா இறைச்சி வெட்டத்தான். அதிலும் என் மனைவி ஆயிரம் குறை சொல்வாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கள் பகுதி டொக்டர்கள் சிலர் சேர்ந்து அனுப்பிய விஆர் செட் அது. தலையில் ஹெட்செட்டை மாட்டினால் கண்முன்னே ஒப்பரேஷன் தியேட்டர் வந்து நிற்கும். இரண்டு கையிலும் இரண்டு பிடிகள். லப்ரொஸ்கொப்பி பழகுவதற்கென்றே செய்தது. அதாவது வயிற்றைப் பிளக்காமல், மூன்று நான்கு சிறு துளை போட்டு, கமராவையும் நீளமான கருவிகளையும் உள்ளே விட்டுச் செய்கிற ஒப்பரேஷன். அதில் கையை வலப்பக்கம் கொண்டுபோனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். ஈரலில் பட்டால் இரத்தம் பாயும். சுவரில் இருக்கிற டீவியில் அதை எல்லாரும் பார்க்கலாம். முடிந்ததும் பெயருக்கு நேரே, சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு விழும்.

அந்தப் பட்டியலில் முதலிலிருந்து கடைசி வரை என் பெயர் மட்டும்தான் இருந்தது. மஜீத். பக்கம் பக்கமாகச் சிவப்பு, கடைசியில் கொஞ்சம் பச்சை.

இளம் டொக்டர்கள் யாரும் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. ஏன் என்று டொக்டர் ஷிஃபானாவிடம் முன்பே கேட்டிருந்தேன். சாய்ந்தமருதுப் பிள்ளை, என்னை அண்ணன் முறையில் நானா என்பார், மறைத்துப் பேசத் தெரியாது.

"எங்கட பேருக்கு நேரே சிவப்பு விழுந்தா பெரிய சேர் பாப்பாரு நானா. மறுகா வாட் ரவுண்டில நோயாளிக்கு முன்னால வெச்சுக் கேப்பாரு. எனக்கு ஏலா."

பெரிய சேர் என்றால் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர், காரைதீவு டொக்டர் தவராசா. வயிற்றைத் திறந்து செய்கிற ஒப்பரேஷனில் அவர் கையைப் போல் ஒரு கையை நான் கண்டதில்லை. அவர் வாயைப் போல் ஒரு வாயையும் கண்டதில்லை. கத்தரிக்கோலைப் பிந்திக் கொடுத்த நர்ஸ் மிஸ்ஸிமார் அழுதுகொண்டு தியேட்டரை விட்டு வந்திருக்கிறார்கள்.

2. ளுஹர் நேரம்

யார் என் பெயரில் அறுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பதிவுகள் எல்லாமே நண்பகல் ளுஹர் தொழுகை நேரத்தில் விழுந்திருந்தன. நான் பள்ளிவாசலுக்குப் போகும்போது கொம்பியூட்டரை என் பெயரிலேயே திறந்தபடி விட்டுப் போவேன். மூடினால் ஹெட்செட்டைத் திரும்பவும் சரிபண்ண இருபது நிமிஷம் பிடிக்கும். அறைச் சாவி தியேட்டர் மேசையில் கிடக்கும். சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் பள்ளிக்குப் போகிற மாதிரிக் கிளம்பி, பாதி வழியில் திரும்பினேன். ஜமாஅத் தொழுகை தவறிப்போனதற்கு அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கதவைத் தள்ளினேன். டொக்டர் தவராசா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டியபடி நின்றார். தனக்குத்தானே ஏசிக்கொண்டிருந்தார்.

"கிறுகு. கிறுகு எண்டு சொல்றன். அந்தப் பக்கமில்ல மாடே."

இளம் டொக்டர்களுக்கு ஏசுகிற அதே வார்த்தைகள். டீவி முழுக்க இரத்தம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றபோது சிரிப்புப் போய், பாவமாகிவிட்டது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், சாப்பாட்டு நேரத்தில், சாத்திய அறைக்குள் வியர்த்து வடிகிறார்.

கழற்றிவிட்டுத் திரும்பினார். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறாய்?"

"இப்பதான் சேர்."

"பொய் சொல்லாத மஜீத்."

"உங்கட பேரில செஞ்சிருக்கலாமே சேர். என்னைக் கொலகாரனாக்கிப் போட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தார்.

"சாகாமம் ஊர் ஆள் ஒருத்தன், பித்தப்பைக் கல்லோட வந்தவன் ஞாபகமிருக்கா? வயித்தத் திறந்தா ஒரு மாசத்துக்குப் பாரம் தூக்க ஏலா எண்டன். வயல் வெட்டு முடியட்டும் சேர் எண்டு போயிட்டான். மறுகா வந்தது சீழ் வெச்சுத்தான். உயிர் தப்பினதே பெரிய விஷயம். துளை போட்டுச் செய்யத் தெரிஞ்சிருந்தா அடுத்த நாளே வீட்ட அனுப்பியிருப்பன். நம்மட ஸ்டோரில லப்ரொஸ்கொப்பி மெஷின் பொலித்தீனும் கழட்டாமக் கிடக்கு. ஆருக்குத் தெரியும் அத பாவிக்க? எனக்கும் தெரியா."

"அத இந்தப் பிள்ளையளிட்டச் சொல்லி, எல்லாருமாப் பழகலாமே சேர்?"

"காலமெல்லாம் அதுகளுக்கு ஏசினவன் நான். எந்த மூஞ்சியோட சொல்ற?"

அன்றிலிருந்து தொழுதுவிட்டு வந்து, ஸ்குரூ டிரைவரும் கையுமாக அந்தக் கதவடியில் நிற்பேன். யாராவது வந்தால், "உள்ளுக்க ரிப்பேர் நடக்கு, மறுகா வாங்க" என்பேன். ஒருவகையில் அது உண்மைதானே.

3. அழிக்கிற வேலை

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. லப்ரொஸ்கொப்பி மெஷினை யாரும் பாவிக்காவிட்டால் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்களாம். அதை முடிவு செய்யக் கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வருவார். விஆர் பதிவைப் பார்த்து, போதிய பயிற்சி எடுத்தவருக்கு மேற்பார்வையில் ஒப்பரேஷன் தொடங்க அனுமதி கொடுப்பார்.

பட்டியல்படி பயிற்சி எடுத்தது முழுக்க மஜீத்.

அன்று ளுஹருக்குப் பின் டொக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"பேரை மாத்த ஏலுமா?"

"ஏலும் சேர். பாஸ்வேர்ட் என்ட கையிலதான் இரிக்கி."

"அப்ப சிவப்பெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, பச்சைய மட்டும் என்ட பேருக்கு மாத்து."

எங்கள் தொழிலில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. மயக்க மருந்து மெஷினில் வாயு கசிந்தால் அதை எழுதி வைப்போம். திருத்திய பிறகும் அந்த வரியை அழிக்க மாட்டோம். அழித்தால், பின்னால் வருகிறவன் அது ஒருநாளும் கசியவில்லை என்று நம்பி ஓர் ஆளை மேசையில் கிடத்துவான்.

"பேரை மாத்தித் தாறன் சேர். அழிக்கிற வேலைய மட்டும் என்னட்டக் கேக்காதீங்க."

"அப்ப நீ ஒண்டும் செய்ய வேணாம்." கதவு அடித்துச் சாத்திய சத்தம் வாட் வரைக்கும் கேட்டது.

அதன் பிறகு இரண்டு கிழமை அவர் அந்த அறைக்கு வரவேயில்லை. நான் வாயைக் கொடுத்து வம்பை வாங்கிவிட்டேனோ என்று புழுங்கினேன். என் பிடிவாதத்தால் மெஷின் போய்விட்டால், இன்னொரு சாகாமத்து ஆள் சீழ் வைத்து வந்தால், அந்தப் பாவம் யார் தலையில் விழும்?

4. மஜீத் என்பவர் யார்

கொழும்பிலிருந்து வந்த நிபுணர் ஒரு பெண். நரைத்த தலை, மெதுவான பேச்சு. டொக்டர் தவராசாவும் இளம் டொக்டர்களும் சுற்றி நிற்க, அவர் பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே போனார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார், இந்த டொக்டர் மஜீத் யார், அவரைச் சந்திக்கலாமா என்று.

ஷிஃபானா வாயைப் பொத்திக்கொண்டார். நான் கையைத் தூக்கினேன்.

"நான்தான் மேடம்."

என் சட்டைப் பையில் இருந்த ஸ்குரூ டிரைவரை அவர் பார்த்தார். பிறகு ஹெட்செட்டை எடுத்து என்னிடம் நீட்டி, எங்கே, ஒன்று செய்து காட்டுங்கள் என்றார்.

உண்மையைச் சொன்னால் டொக்டரின் மானம் போகும். சொல்லாவிட்டால் மெஷின் போகும். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி ஹெட்செட்டைத் தலைக்குக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஒரு கை அதை வாங்கியது.

"குடு மஜீத். அது என்ட தலைக்குச் சரிபண்ணிக் கிடக்கு."

டொக்டர் தவராசா இளம் டொக்டர்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சிவப்பெல்லாம் நான்தான். சிரிக்கிற ஆக்கள் இப்ப சிரிங்க. மறுகா நேரமில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மாட்டிக்கொண்டு தொடங்கினார். இரண்டு கிழமை பழகாத கை. மூன்றாவது நிமிஷத்திலேயே ஈரலைக் குத்தியது. டீவி சிவந்துபோனது. அவர் ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

"மறுகா ஒருக்கா," என்றார்.

இரண்டாவது தடவை ஆமை வேகம். தூக்கினார், பிரித்தார், பார்த்தார், மீண்டும் பார்த்தார். குழாயில் கிளிப் போட்டு அடைத்து வெட்டினார். பச்சை விழுந்தபோது நான் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நிபுணர் அந்தப் பச்சையைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. பட்டியலின் முதல் பக்கத்துக்குப் போய்ச் சிவப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். இந்தக் கை எங்கே பிழை விட்டது, எத்தனையாவது கிழமையில் அந்தப் பிழை நின்றது என்று இதில் தெரிகிறது, வெறும் பச்சையை மட்டும் காட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்றார். மெஷின் இங்கேயே இருக்கட்டும், முதல் ஒப்பரேஷன்களுக்கு நானே வந்து பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

மறுநாள் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. ஷிஃபானா, சிவப்பு. அடுத்த கிழமை ளுஹர் நேரத்தில் அந்த அறைக்கு வரிசை. யார் எப்போது என்று நான் அட்டவணை போட்டு ஒட்ட வேண்டியதாயிற்று.

5. சவளக்கடைப் பெண்

முதல் நோயாளி சவளக்கடையிலிருந்து வந்த ஒரு பெண். கணவர் இல்லை, வயலை அவரே பார்க்கிறார். "எத்தின நாள் சேர் படுக்க வேணும்?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். கொழும்பு நிபுணர் சற்றுத் தள்ளி நின்றார். ஷிஃபானா கமராவைப் பிடித்திருந்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கிளிப் போட வேண்டிய இடம் வந்ததும் டொக்டரின் இரண்டு கையும் அப்படியே நின்றுவிட்டன.

கேபிளில் ஏதும் கோளாறோ என்று நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பழைய தவராசாவாக இருந்தால் இந்நேரம் கமரா பிடித்தவளுக்கு ஏச்சு விழுந்திருக்கும். ஷிஃபானா தோளைக் குறுக்கிக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தார்.

"எனக்கு இது தெளிவாத் தெரியல்ல," என்றார் டொக்டர். "நீ என்ன காணுறாய், ஷிஃபானா?"

அந்தத் தியேட்டரில் இத்தனை வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்காத வார்த்தை. ஷிஃபானா கமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனார்.

"நீங்க இப்ப பிடிச்சிருக்கிறது பித்தப்பைக் குழாய் இல்ல சேர். பெரிய பித்தக்குழாய் எண்டு நினைக்கன். பையை இன்னம் மேல தூக்கினா விளங்கும்."

அவர் தூக்கினார். ஸ்கிரீனில் எல்லாருக்கும் விளங்கியது. அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பெரிய குழாய் அது, அதில் கிளிப் போட்டு வெட்டினால் உயிருக்கே ஆபத்து. நிபுணர் முன்னால் எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"ஓம். நல்லாப் பாத்தாய்," என்று சொல்லி, டொக்டர் சரியான இடத்தில் கிளிப்பைப் போட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அந்தப் பெண் தானே நடந்து போய் ஓட்டோவில் ஏறினார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிழையாகப் போனதை அழிக்காதீர்கள். நாலு பேர் பார்க்கப் பிழை விடக் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். சாத்திய அறைக்குள் பழகிய வரைக்கும் டொக்டர் தவராசாவுக்குக் கை மட்டும்தான் திருந்தியிருந்தது. எல்லார் முன்னாலும் ஒருதரம் ஈரலைக் குத்திய பிறகுதான் "தெரியல்ல" என்று சொல்ல வாய் வந்தது. அன்று அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தப் பெண்ணின் பெரிய பித்தக்குழாயில் கிளிப் விழுந்திருக்கும்.