சம்பங்கி அண்ணனின் நாலாவது கியர்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் லைன் வீட்டு வரிசையில், உட்காரவே தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது சம்பங்கி அண்ணன்தான். காபி குடிப்பதும் நின்றுகொண்டுதான். கோயிலில் நாங்கள் எல்லோரும் தீபாராதனைக்குக் காத்து நிற்கையில் அவர் மட்டும் இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வருவார். பக்தி அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரியும்.

மைன் மூடும்வரை ஷாஃப்ட் வாயில் நின்று, கயிற்றில் குழிக்குள் இறங்குகிற கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. மூடியபின் ஒரு பழைய வெள்ளை அம்பாசடரை வாங்கினார். எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி. மாப்பிள்ளை அழைப்பு, பிரசவம், பெங்களூர் ஏர்போர்ட் என்று இருபது வருடத்துக்கு மேல் அதை ஓட்டினார். போன வருடம் இடது முழங்கால் போயிற்று. ஆபரேஷன் செய்தும் சரியாக மடங்கவில்லை. கிளச்சை மிதித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எட்டு மாதம் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. அண்ணன் நொண்டிக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அவர் மகள் மமதா, தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு வருகிற பெண், ஒருநாள் என் எதிரிலேயே சொன்னாள்.

"வித்துடுப்பா. அத்தப் பாத்துப் பாத்தே உனுக்கு பிபி ஏறுது."

"வித்துட்டு நான் இன்னா பண்றது?"

"டிவி பாரு. எல்லா அப்பாவும் அத்தான் பண்றாங்க."

"பண்ணிட்டு அப்பால செத்தும் போறாங்க. நானும் போவட்டா?"

"வெள்ளிக்கிழமயும் அதுவுமா பேசற பேச்சப் பாரு" என்று உள்ளேயிருந்து ரத்தினம்மா அண்ணியின் குரல் வந்தது.

அடுத்த வாரம் அண்ணன் பெங்களூரில் பழைய உதிரிபாகம் விற்கிற ஆர்தரிடமிருந்து ஒரு கியர்பாக்ஸைக் கொண்டுவந்து பெருமாள் வெல்டிங் ஒர்க்ஸ் என்கிற என் கடை வாசலில் இறக்கினார். ஜப்பான் வண்டியில் இருந்து கழற்றியது. கிளச் மிதிக்க வேண்டாம், கியரெல்லாம் தானாகவே விழும். நாலாவது கியர் ஓவர்டிரைவ். அது விழுந்துவிட்டால் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், சக்கரம் மட்டும் வேகமாக ஓடும்.

மமதா அதைச் சுற்றிப் பார்த்தாள். "மூணு வாரம் டைம் தரேன். இடது கால் இல்லாம, நாலு கியரும் வுழுந்து, பேத்தமங்களா ஏரி வரிக்கும் நீ ஓட்டிக் காட்டணும். நான் பக்கத்துல குந்துவேன். ஆவலன்னா சாவி எனக்கு. வண்டிய நானே வித்துடறேன்."

"சரி" என்றார். அன்று ராத்திரி அவர் வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று அண்ணி சொன்னார். நடந்துகொண்டே இருந்தாராம்.

கற்பூரம் காட்டி, முருகா என்று சொல்லித்தான் முதல் போல்ட்டைக் கழற்றினேன். புதுப் பெட்டி பெரிது. உட்காருகிற இடத்துக்கு நடுவே தரைத் தகட்டை வெட்டி உயர்த்தினேன். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கத் தடித்த இரும்புத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கினோம். பின்சக்கரத்துக்குப் போகிற தண்டை வெட்டிக் குறுக்கினோம். தினமும் காலை ஐந்து மணிக்கே என் கதவைத் தட்டுவார். நான் விளக்கேற்றி முடிப்பதற்குள் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பார். "முருகன் எங்கயும் போவமாட்டாரு பெருமாளு, நாளுதான் போவுது."

கடைசி வேலை ஒரு கேபிள். ஆக்சிலேட்டரில் இருந்து கியர்பாக்ஸுக்குப் போவது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். அதை அண்ணன் தன் கையாலேயே கட்டினார்.

ஒரே நாள் பாக்கி இருக்கையில் வண்டியை வெளியே எடுத்தோம். ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, மூன்றும் விழுந்தது. நாலாவது மட்டும் இல்லை. அறுபதைத் தாண்டியும் எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து எண்ணெயை இறக்கி மாற்றினோம். அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தோம். மறுபடி ஓட்டினோம். அதே கத்தல். அண்ணன் "போச்சு. சாவி போச்சு" என்று வண்டியைச் சுற்றினார்.

நான் ஆர்தருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கேபிள் யார் கட்னது?" என்றார் ஆர்தர்.

"அண்ணன்."

"எப்படி நிக்குது?"

"விறைப்பா நிக்குது. தட்டினா சத்தம் வருது."

"அதான் பாரு. மொதல்லயே அவர்கிட்ட சொன்னேன், கால எடுத்தா கொஞ்சம் தொங்கணும்னு. இப்ப நீங்க ஃபுல்லா மிதிச்சிட்டே இருக்கீங்கன்னு பெட்டி நெனச்சிட்டிருக்கு. அப்புறம் எப்படி நாலு வரும்?"

அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சொன்னாரு. கை கேக்கல" என்றார். அவர் கட்டியதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவன் நான். என் கண்ணுக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் அப்பாவும் மைன்தான். கேஜின் கயிறு தொங்கினால் கேஜ் உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று பொருள். அது விடுபட்டால் அத்தனை எடையும் ஒரே இழுப்பில் கயிற்றில் விழும். எங்கள் ஊரில் தொங்குகிற எந்தக் கயிற்றைப் பார்த்தாலும் கை தானாகவே இழுத்துக் கட்டிவிடும்.

அண்ணன் ஸ்பானரை எடுத்து நட்டைத் தளர்த்தினார். மறுபடி இறுக்கினார். திரும்பவும் தளர்த்தினார். இரண்டு முறையும் கேபிள் விறைத்துத்தான் நின்றது. கடைசியில் ஸ்பானரை அண்ணியிடம் நீட்டினார்.

"நீ கட்டு. எனுக்கு வராது."

"நானா? எனுக்கு இன்னா தெரியும்?"

"கொடி கட்டறியே துணி காயப் போட, அந்த மாரி."

அண்ணி குனிந்து கட்டினார். துணிக்கொடி மாதிரியே ஒரு சின்னத் தொங்கல். அண்ணன் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பானட்டைப் பிடித்தபடி நின்றார். தொங்கல் போதுமா என்று போனிலேயே ஆர்தரிடம் நான் கேட்டுக்கொண்டேன்.

மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். "இன்னொரு தபா வுழலன்னா நாளிக்கி நான் வண்டியிலியே ஏற மாட்டேன்" என்றார். ஓட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். மமதா முன்னால் அண்ணன் பக்கத்தில், அண்ணியும் நானும் பின்னால். பஜார் நெரிசலில் ஒன்றும் இரண்டும். ஊரைத் தாண்டியதும் மூன்று. மமதா ரோட்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இடது கால் அழுத்துது."

"தரையத்தான் அழுத்துது. அங்க இன்னா கீது, கிளச்சா கீது?"

ஐம்பது. ஐம்பத்தைந்து. எஞ்சின் கத்த ஆரம்பித்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அறுபது. அண்ணன் காலை லேசாக எடுத்தார்.

கத்தல் சட்டென்று இறங்கியது. வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. எஞ்சின் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வலப்பக்கம் நெல்வயல் போயிற்று, அப்புறம் ஏரிக்கரை வந்தது.

"நாலு வுழுந்துச்சு. ஏரியும் வந்துச்சு" என்றாள் மமதா. "சாவி உன்னுது. திரும்பு, வீட்டுக்குப் போலாம்."

அண்ணன் திரும்பவில்லை.

"அப்பா, இங்க திரும்பணும்."

"இப்பத்தானே வுழுந்துச்சு" என்றார். ஏரிக்கரை பின்னால் போயிற்று.