வாசகர்கள் உள்ளே, நூலகர்கள் வெளியே

போன வருடம் குரூப் 4 தேர்வுக்கு முந்தைய வாரம் நடந்தது இது. கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் நான் ஊர்ப்புற நூலகராக இருக்கிறேன். நூலகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கூட்டுவது, பேப்பர் அடுக்குவது, புத்தகம் கொடுப்பது, ஃபேன் ஓடாவிட்டால் சுவிட்ச் போர்டைத் தட்டுவது எல்லாமே நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தே சம்பளம் வாங்குகிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

அந்த வாரம் பார்த்து, தர்மபுரியில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தது. தலைப்பு: 'வாசகர் வருகையை அதிகரிப்பது எப்படி?' படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அப்போது என் பிரச்சினை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நான் போவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். என் நாற்காலியையும் கொடுத்துவிட்டு அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

சாதாரணமாக நான் லீவு போட்டால் பக்கத்து ஊர் நூலகர் வந்து பொறுப்பு பார்ப்பார். அவர் லீவு என்றால் நான் போவேன். இந்த முறை அவருக்கும் அதே பயிற்சி, அதே நாட்கள். அதற்கு அடுத்த ஊர்க்காரருக்கும் அப்படியே. சந்தேகம் கேட்பதற்கென்று ஓர் ஆலோசனை எண் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டேன்.

"சார், எல்லாரும் பயிற்சிக்கு வந்துட்டா நூலகத்த யாருங்க திறக்கறது?"

"பக்கத்து நூலகர்கிட்ட பொறுப்பு குடுத்துட்டு வாங்க."

"அவரும் பயிற்சிக்குத்தாங்க வர்றாரு."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப அவர, அவரோட பக்கத்து நூலகர்கிட்ட குடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் வாசகர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் ஓர் அக்கா. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக நூலகத்துக்கு வருவார். வீட்டில் புத்தகத்தைத் திறந்தாலே மாமியாருக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுமாம். இந்த முறை தேறாவிட்டால் பூத் தோட்டத்து வேலைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வாரம்தான்.

"ஏனுங்க தம்பி, பரிட்ச எங்களுக்கு. லீவு உங்களுக்கா?" என்றார்.

"லீவு இல்லீங்கக்கா, பயிற்சி."

"என்னா பயிற்சி?"

தலைப்பைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுக்கக் கூடாது, ஏதாவது ஆனால் என் வேலைக்கே ஆபத்து என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அம்மா வேறு. "வேலைக்கே போயிட்ட, இன்னும் என்னாடா கிளாசு? பெயில் ஆக்கிட்டாங்களா?"

முதல் நாள் பயிற்சி பலூனில் ஆரம்பித்தது. எல்லோரும் சேர்ந்து பலூனைக் கீழே விழாமல் தட்ட வேண்டும். அதுதான் குழுவாக வேலை செய்வதாம். எனக்குப் பக்கத்தில் நின்ற அரூர்ப் பக்கத்து நூலகர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இத்தினி வருசமா ஒண்டியாளா உக்காந்திருக்கறன். குழுவுக்கு நான் எங்கிங்க போறது?" என்றார்.

பயிற்சி கொடுத்த மேடம் சென்னையிலிருந்து வந்தவர், சின்ன வயதுதான். மத்தியானம் எங்கள் ஒவ்வொருவரிடமும், "உங்க லைப்ரரியோட பெரிய பிராப்ளம் என்ன? ஃப்ரீயா சொல்லுங்க" என்று கேட்டுச் சார்ட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஒழுகும் கூரை, இல்லாத கழிப்பறை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். என் முறை வந்தது.

"மேடம், எங்க நூலகத்தோட பிரச்சின இந்தப் பயிற்சிதாங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு, "ஏன்?" என்றார். பூட்டிய நூலகம், ஆலோசனை எண், அந்த அக்கா எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வெளியே போய் வெகுநேரம் போனில் வாதாடினார். திரும்பி வந்து என்னைக் காட்டி, "நாளைக்கு கிளாஸ் சாரோட லைப்ரரில. ஃபீல்டு விசிட்னு போட்டுக்கலாம்" என்றார். மற்றவர்களின் நூலகங்கள் பூட்டியேதான் கிடந்தன. அதற்கு மேல் அவராலும் முடியவில்லை.

மறுநாள் வேனில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். முந்தின ராத்திரியே வாசகர்களுக்குச் சொல்லிவிட்டு, காலையில் நான் நேரத்தோடு போய்த் திறந்திருந்ததால் அதற்குள் நூலகம் நிறைந்திருந்தது, கால் வைக்க இடமில்லை. ஏற்பாடுகளைக் கவனிக்க வந்திருந்த அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சு வெளிய உக்காருங்கம்மா, பயிற்சி ஆரம்பிக்கணும்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாசகர்களை வெளியே அனுப்பத்தானா இவ்வளவு பாடுபட்டுத் திறந்தேன்?

இரண்டு மூன்று பேர் எழுந்தேவிட்டார்கள். அந்த அக்கா மட்டும் அசையவில்லை.

"ஏன் சார், இது லைப்ரரிங்களா, கல்யாண மண்டபமுங்களா? நாங்க படிக்க வந்திருக்கறோம். நீங்க பேச வந்திருக்கறீங்க. பேசறவங்கதான வெளிய போகணும்?" என்று கேட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த 'அமைதி காக்கவும்' பலகையைக் கையால் காட்டினார்.

அதிகாரி முகம் சிவந்துவிட்டது. மேடம் மட்டும் மைக்கைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். எதிரில் இருந்த ரேஷன் கடை நிழலில் பயிற்சி தொடர்ந்தது. நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்தோம். வாசகர்களை வரவழைப்பது எப்படி என்று மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கையில் அக்கா மறுபடி வாசலுக்கு வந்தார்.

"மேடம், கோச்சிக்காதீங்க. உள்ள கணக்குப் போட்டுட்டிருக்கோம். கொஞ்சம் மெதுவா..."

மேடம் மைக்கை அணைத்துவிட்டார். காலமெல்லாம் அடுத்தவர்களை 'சத்தம் போடாதீங்க' என்று அதட்டிய நாங்கள், மிச்சப் பயிற்சி முழுவதையும் தெருவில் உட்கார்ந்து கிசுகிசுத்தோம். கிளம்பும்போது மேடம் என்னிடம் வந்து, அதிகாரி காதில் விழும்படியே, "உங்களுக்கு நாளைக்கும் ஃபீல்டு விசிட்தான் சார்" என்றார். மூன்றாம் நாளும் நூலகம் திறந்திருந்தது.

அந்த அக்கா அந்த முறை தேறவில்லை. மாமியார் சொன்னபடியே பூத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். ஆனால் பூ எடுக்கிற வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. பிறகு விரல் நகத்தில் சாமந்திக் கறையோடு நேராக நூலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். "பழைய கேள்வித்தாள் எங்கிங்க தம்பி?" என்று அதட்டலாகக் கேட்கிறார்.

அதிகாரி முன்னால் வாயைத் திறந்தால் கிடைத்ததும் போய்விடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். பயிற்சி உத்தரவுகள் இன்றும் அதே மாதிரிதான் வருகின்றன, எனக்கும் அதே மாதிரிதான் எரிச்சல் வருகிறது; ஆனால் அதை மனதுக்குள் புலம்பாமல் எழுந்து நின்று சொன்னால் யாரோ ஒருவருக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் மிஞ்சும் என்பதை அந்த ரேஷன் கடை நிழலில்தான் நான் தெரிந்துகொண்டேன்.