தோட்டாவுக்குச் சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் எதுவும் தப்பாது. மிக்ஸி, ஸ்கூட்டர், லேப்டாப்... எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார். இந்த வருஷம் மகள் வித்யாவின் தோட்டாக்களையும் விடவில்லை!

வித்யா ரைஃபிள் போட்டிகளில் சுடுபவள். பூஜைக்கு மறுநாள் மாநில அணிக்கான தேர்வு. அதற்காகவே லைசென்ஸில் வாங்கி, பல மாதமாகப் பழகி வைத்திருந்த ரகம் அது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதாம். அதனால் காலையில் கிளம்பும்போதுதான் பெட்டியைத் திறந்தாள்.

"அய்யோ அப்பா! எதுக்கு தொடைச்சீங்க? அந்த கிரீஸ் இருக்கணும்ப்பா!"

"ஒரே பிசுக்கும்மா. எங்க ஃபேக்டரி செக்யூரிட்டி வெச்சிருந்த குண்டெல்லாம் பளபளன்னு இருக்கும். சொட்டு எண்ணெய் கிடையாது."

"அதுக்கு மேல செப்பு உறை இருக்கு! இது வெறும் ஈயம்!"

ஈயம் மெத்தென்ற உலோகம். துப்பாக்கிக் குழாய்க்குள் அந்த வேகத்தில், அந்தச் சூட்டில் உரசினால் உள்சுவரில் இழுவி ஒட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு அதன்மேல் உரசிப் போனால் குறி எங்கே நிற்கும்? அது ஒட்டாமல் இருக்கத்தான் கிரீஸ். செப்பு கெட்டியானது, அப்படி இழுவாது. உறை போட்டதற்குத் தனியாக எண்ணெய் எதற்கு?

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். காலமெல்லாம் உலோகத்தோடு மாரடித்த எஞ்சினியருக்குமா தெரியாது? தெரியுமாம். ஆனால் பண்டிகை என்று வந்துவிட்டால் பிசுக்கு என்றாலே அழுக்குதானாம். தலையில் அடித்துக்கொண்டேன். துடைக்கும் முன் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டால் வாயா தேய்ந்துவிடும்?

கோச் எங்கிருந்தோ வேறு ரகத் தோட்டா வாங்கித் தந்தார். வித்யாவின் துப்பாக்கிக்கு அது ஒத்துவரவில்லை. கடைசி இடமும் நூலிழையில் கைநழுவிப் போனது.

திரும்பும்போது காரில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இன்றைக்கு இந்த மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று வாயைத் திறந்தேன். பேகம்பேட் சிக்னலில் வண்டி நின்றது.

"ஒவ்வொண்ணுக்கும் உன் பேரைச் சொல்லித்தாம்மா பொட்டு வெச்சேன்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள்... இந்த மனுஷனை என்னவென்று திட்டுவது?