வேலிக்குள் நின்றுபோன வாய்க்கரிசி

மலாயாவில் அவசரகாலத்தின் நான்காம் ஆண்டு, ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரசர். பால்வெட்டும் முனியன் காய்ச்சலில் என் கண்முன்னே இறந்தார். சுடுகாடு எங்கள் குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே இருந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியையும் வெளியே விடாத காலம்.

"அண்ணனுக்கு வாய்க்கரிசி போடாம எப்படி ஐயா கொள்ளி வைக்கிறது?" என்றான் தம்பி சடையன்.

"ஒரு பிடி அரிசிக்கு எல்லாரும் லோக்காப்புக்குப் போகணுமா? அரிசிய இங்கயே வச்சிட்டு வா" என்றேன்.

சுடுகாட்டில் வெறுங்கையை அண்ணன் வாயருகே கொண்டுபோய் எடுத்தான்.

திரும்பியபோது வாசல் காவலரான மலாய்க்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்க வீட்லயும் சாவு உண்டுலா, டிரசர். கேட்டிருந்தா அந்த அரிசியோட நானே கூட வந்து நின்னிருப்பேன்" என்றார்.

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்காக முதலில் காவலரிடம் போய்க் கேட்கிறேன். முடியாதென்றால் அவர் சொல்லட்டும். சடையன் மட்டும் இன்றுவரை என்னிடம் மருந்துக்கு வருவதில்லை.