நீலத்திரை

காந்திபுரத்தில் வாங்கிய கன்வர்ட்டர் பெட்டியில் பழைய வீடியோ டெக்கின் ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகியும் புது டிவியில் நீலத்திரைதான் வந்தது. அலுத்துப்போய் உட்கார்ந்தேன்.

அம்மா இறந்த வருஷம், அன்னூர் வீட்டில் அப்பாவும் வாடகை டெக்கோடு இப்படித்தான் மல்லாடினார். மாமாவின் கல்யாணக் கேசட்டில் அம்மா இருந்தாள். மில்லிலிருந்து வந்த பஞ்சு வாசனையோடு டிவிக்குப் பின்னால் குனிந்து, "ஏங்கண்ணு, படம் வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தூக்கம் சொக்க, "வந்துருச்சுங்கப்பா" என்று பொய் சொன்னேன்.

ஓடி வந்து பார்த்தார். "வந்துட்டுப் போயிருச்சாட்ட இருக்குது. நீயாச்சும் அம்மாவப் பாத்தியா கண்ணு?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கன்வர்ட்டருக்குத் தனியாகப் பவர் ஒயர் உண்டு என்று இப்போதுதான் கவனித்தேன். செருகியதும் அதே கல்யாணக் கேசட்டின் படம் வந்தது. அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அம்மா பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவளாக இருந்தாள்.