பத்தாவது சிரட்டை

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது பொலிஸ் பதிவுப் படிவம் என்றால் உயிர். மற்றப் பிள்ளைகள் முத்திரை சேர்த்தார்கள், நான் படிவத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். சிரிக்காதீர்கள். சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கடதாசி வேறு என்ன இருந்தது? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், என்ன வயது, கொழும்புக்கு எப்போது வந்தார்கள், ஏன் வந்தார்கள், எப்போது திரும்பிப் போவார்கள் என்று எழுதி, சீல் குத்தி வாங்கி, அப்பா அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவியிருந்தார். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பெயர் இருந்தால் ஆள் வீட்டில் நிற்கலாம், இல்லாவிட்டால் ஜீப்பில் ஏறவேண்டும்.

அதில் கடைசியாகச் சேர்ந்த பெயர் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜன்சிக்காரனின் தொலைபேசிக்குக் காத்துக்கொண்டு எங்கள் முன் அறையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அடுத்த ஒழுங்கையில் ஒரு பெடியனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய் மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே விட்டது. திரும்பி வந்தவன் யாரோடும் கதைப்பதில்லை. அதனால் அம்மா மாமாவைச் சோதனைச்சாவடி இருக்கிற காலி வீதிப் பக்கமே போகவிட மாட்டார். ஒழுங்கையின் மற்ற முனைக்கு மட்டும் போகலாம், அதுவும் பூனைகளுக்காக.

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி ரயில் பாதையில் முடியும். தண்டவாளத்துக்கு அப்பால் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள். அந்தக் கல்லிடுக்குகளில்தான் பூனைகள் இருந்தன. யாருடைய பூனையும் இல்லை. வீடு மாறிப் போனவர்கள் விட்டுப் போனதுகளும், அதுகள் போட்ட குட்டிகளும்.

மாமா மீன் தலையையும் செவிளையும் ஒரு நெளிந்த அலுமினியச் சட்டியில் உப்பில்லாமல் அவிப்பார். முள்ளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைவார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குள் மீன் மச்சம் வராது, ஆகவே அன்றைக்குத் தயிர்ச்சோறு. அதைச் சாப்பிட்டுவிட்டுப் பூனைகள் எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கலியாண வீட்டில் பாயசம் கிடைக்காத சம்பந்தி தோற்றுப்போவார். ஐந்தரை ரயில் போனதும் நாங்கள் தண்டவாளத்தைக் கடப்போம். மாமா கற்களின்மேல் ஒரு முழத்துக்கு ஒன்றாகத் தேங்காய்ச் சிரட்டைகளை வைத்துச் சோறு போடுவார். கிட்டக் கிட்ட வைத்தால் அடிபடும். பிறகு கரண்டியால் சட்டியைத் தட்டுவார். கல்லுக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக வரும். புண் இருந்தால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவார். அந்த நேரத்தில்தான் மாமாவின் முகம் கொஞ்சம் இளகியிருக்கும்.

பூனை ஒன்பது, சிரட்டை பத்து. பத்தாவதை மாமா கவிழ்த்து வைப்பார். தினமும் கொண்டுபோவார், தினமும் கவிழ்த்து வைப்பார், தினமும் திருப்பிக் கொண்டுவருவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. கணக்கு என்றால் சரியாக இருக்கவேண்டாமா? ஒருநாள் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றில் படிவத்தைப் போலவே கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். பூனைகளைப் பதியாமல் வைத்திருக்கிறீர்கள், பிடிபட்டால் தெரியும் என்றேன். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு மாமா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“அப்ப எழுதுங்கோ, கிளாக்கர் அம்மா.”

யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். குகன், ரஞ்சன், தவம், பெரிய ரவி, சின்ன ரவி, பாலா, ஜீவா, செல்வம், யோகன். பிறந்த இடம் கொக்குவில், கோண்டாவில், இணுவில். வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று, இருபத்தொன்று. பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

“பூனைக்கு இருபத்திரண்டு வயசோ? ஆரைப் பேய்க்காட்டுறியள்? அதோடை குகன் போன மாசம் குட்டியெல்லோ போட்டது!”

“போட்டால் போடட்டும். நல்லா இருக்கட்டும். நீ எழுது பிள்ளை, எனக்குத் தெரியும்.”

வந்த காரணம் என்ற கட்டத்தில் ‘பசி’ என்று எழுதச் சொன்னார். திரும்பிப் போகும் திகதி என்ற கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னார். ஒன்பது வரி நிரம்பியது. பத்தாவது சிரட்டை யாருக்கு என்று கேட்டேன். மாமா சட்டியைக் கழுவப் போனார். நான் விடுகிற ஆளா?

“நேசன்,” என்றார் கடைசியில். “வயசு இருபத்திரண்டு. வந்த திகதி எழுதாதை. அவன் இன்னும் வரேல்லை.”

“எப்ப வரும்?”

“வரக்கூடாது. நீ சும்மா விளையாட்டுக்கும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதை.”

“ஏன் மாமா?”

“கூப்பிட்டால் வந்திடுவான்.”

அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவுமில்லை. இருந்தும் நான் கொப்பியை உடனே மூடிவிட்டேன். அன்று தொடக்கம் அந்தச் சிரட்டையை நான் தொடுவதில்லை. கொப்பியை மாமா தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

புலிகள் தாக்கி, கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கண் விழித்தால் வானத்தின் பாதியைக் காணவில்லை. கரும்புகை எழுந்து, விரிந்து, மத்தியானத்துக்குள் எங்கள் தலைக்குமேல் வந்துவிட்டது. அம்மா கொடியில் போட்டிருந்த வெள்ளைச் சேலையில் கரித்தூள் படிந்தது. பள்ளிக்கூடம் இல்லை. வேலைக்குப் போன அப்பா கந்தோரிலிருந்து வரவில்லை. இரண்டு மணிக்கே வீட்டில் லைற் போட வேண்டியிருந்தது. காகங்கள்கூடக் கத்தவில்லை. ஊர் முழுக்க எதற்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஜீப் வந்தது அப்போதுதான். பொலிஸ்காரர் மூன்று பேர், அதில் ஒருவர் மற்ற இருவருக்கும் பெரியவர். அம்மா ஓடிப்போய்ப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மாமாவின் பெயர் இருந்தது, அடையாள அட்டை சரி. போகப் போனார்கள். கடைசியாக வெளியேறியவர் காலால் தலையணையைத் தட்டிப் பார்த்தார். என் கொப்பி வெளியே வந்தது.

அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கு-கன். ரஞ்-சன். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, வயதையும் ஊரையும் சிங்களத்தில் பெரியவருக்குச் சொன்னார். பெரியவர் முகத்திலிருந்த களைப்பு போய்விட்டது. அவர் மாமாவின் சேட்டுக் கொலரைப் பிடித்து, “மே கவுத?” என்றார். யார் இவர்கள்? மாமா வாயைத் திறக்கவில்லை. பூனை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா, “ஐயோ, அது பிள்ளையின்ரை கொப்பி ஐயா,” என்று தமிழில் அழுதார். எழுத்துக் கூட்டி வாசித்தவருக்கும் அது விளங்கவில்லை.

மீன்காரனோடு பேசிப் பழகிய சிங்களம் எனக்கு இருந்தது. “மாத்தயா, பூசோ! ஒக்கொம பூசோ!” என்று கத்தினேன். எல்லாம் பூனைகள்.

பெரியவர் என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். இருபத்திரண்டு வயதுப் பூனை என்று ஒருவர் சொல்ல மற்றவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. சரி, கூப்பிட்டுக் காட்டு, பத்துப் பேரும் வரவேண்டும், ஒன்று குறைந்தாலும் இவன் ஜீப்பில் ஏறுவான் என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

நான் தயிர்ச்சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தேன். பின்னால் மாமாவும் அவர்களும். கடல் நிறமில்லாமல் கிடந்தது. கற்களில் ஒரு பூனையும் இல்லை. அவை வருகிற நேரமே அதுவல்ல. கரண்டியை எடுத்தேன். பெரியவர் அதைப் பறித்துவிட்டார். சட்டி தட்டக்கூடாது, மற்றவர் கொப்பியிலிருந்து வாசிக்கிற பெயரை மட்டும் நான் கூப்பிடவேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், அதுவரைக்கும் ஒரு பூனைகூடப் பெயருக்கு வந்தது கிடையாது. சட்டிச் சத்தத்துக்குத்தான் வரும். அதை எப்படி அந்த மனிதருக்குச் சொல்வது? ‘பிள்ளையாரே’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன்.

“குகன்!”

கல்லுக்குள்ளிருந்து குகன் வந்தது. வாலைத் தூக்காமல், கத்தாமல் வந்து குந்தியிருந்தது. ரஞ்சன் என்றேன், வந்தது. காது கிழிந்த தவம் வந்தது. ரவி இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக, பெரியது முன்னால், சின்னது பின்னால் வந்தன. பட்டியலில் எந்த ஒழுங்கில் இருந்ததோ அந்த ஒழுங்கு. ஒன்றும் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முழ இடைவெளி விட்டு வரிசையில் இருந்து, எல்லாம் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாசிக்கிற பொலிஸ்காரரின் குரல் போகப் போகச் சின்னதாகியது. யோகனும் வந்தபிறகு அவர் கொப்பியை மூடப் பார்த்தார். பெரியவர் விரலால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார்.

நேசன்.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கொலரில் இன்னும் அந்தக் கை இருந்தது. மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம். மெதுவாக, மூன்று தரம், வேண்டாம். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அவர் திரும்பி வந்து யாரோடும் கதைக்கமாட்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

“நேசன்!”

ஒன்றும் வரவில்லை. ஒரு ரயில் வந்து, எங்களுக்குப் பின்னால் நீளமாகப் போய் முடிந்தது. பெரியவர் மாமாவை இழுக்கத் தொடங்கினார். அப்போது கடல் பக்கத்துக் கல்லொன்றின்மேல் ஏதோ அசைந்தது. நான் ஒருநாளும் காணாத பூனை. மெலிந்தது. முழுக்க நனைந்து, உடம்பெல்லாம் கரித்தூள். அது எங்கள் எல்லாரையும் தாண்டி, அவசரமில்லாமல் வந்து, மாமாவின் காலடியில் இருந்தது.

பெரியவர் கொலரை விட்டார். யாரோ சிரிக்கத் தொடங்க மற்றவர்களும் சிரித்தார்கள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். வாசித்தவர் கொப்பியை என் கையில் தந்துவிட்டு முதல் ஆளாகத் தண்டவாளத்தைக் கடந்தார். ஜீப் போய்விட்டது.

மாமா கல்லில் குந்தியிருந்து அழுதார். பெரிய ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பயம் தெளிந்து வருகிற அழுகை என்று நினைத்தேன். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பத்துச் சிரட்டையையும் எடுத்து வந்து, பத்தாவதை நிமிர்த்தி வைத்துச் சோறு போட்டேன். நேசன் ஒரு பருக்கை விடாமல் தின்றது. அன்று பின்னேரம் நேசனுக்கு வெறுமையாயிருந்த கட்டத்தில் வந்த திகதியை என் ஆக வடிவான எழுத்தில் எழுதினேன்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் யார் யார் கையோ மாறித்தான் கொழும்புக்கு வரும். இரண்டு மாதம் கழித்து ஒன்று வந்தது. அம்மா நின்றபடியே வாசித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

“தம்பி, எங்கடை நேசன்... ஆமி அடிச்ச செல் விழுந்து...”

மாமா கடிதத்தை வாங்கி, செல் விழுந்த திகதியைத் தேடிப் பார்த்தார். பிறகு என்னிடம், “பிள்ளை, உன்ரை கொப்பியைக் கொண்டு வா,” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். பத்தாவது வரியை விரலால் தடவிப் பார்த்தார். கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே திகதி. எழுத்து வடிவாக இருக்கிறது என்று சொல்வார் என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

அம்மா ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டு பேருக்கும் ஆறுதல் சொன்னேன்.

“நேசன் சாகேல்லை மாமா. இண்டைக்குக் காலமையும் கண்டனான். நல்லா இருக்கு.”

மாமா என் தலையில் கை வைத்தார். “ஓம் பிள்ளை,” என்றார். “அவனுக்கும் வடிவாச் சாப்பாடு வை.”

மற்ற ஒன்பது பெயர்களும் மாமாவோடு ஒரே வகுப்பில் படித்து, அவர் கொழும்புக்கு வர முன்னமே செத்துப்போன பெடியன்களுடையவை என்று அம்மா எனக்குச் சொன்னது நான் பெரியவளான பிறகு. பத்தாவது ஆள் மட்டும்தான் அப்போது உயிரோடு மிஞ்சியிருந்தானாம். மாமா இப்போது ஒரு குளிர் நாட்டில் இருக்கிறார். தொலைபேசியில் எல்லாம் கதைப்போம், பூனைகளைப் பற்றிக் கதைப்பதில்லை. அன்றைக்கு அவரை நான்தான் காப்பாற்றினேன் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொள்வார்கள். அவர் வேண்டாம் என்றுதான் தலையாட்டினார். மூன்று தரம். நான்தான் கூப்பிட்டேன்.