மூடாத கண்ணோடு பதினாறு மைல்

காலை 6.30. நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணப் பட்டணம் பதினாறு மைல். கட்டணம் எண்பது சதம். நூறு முறை போய்வந்த வழியைப் பயணமென்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இம்முறை கண்களுக்காகப் போனேன். கண்களோ என்னை முந்திக்கொண்டு போயின.

கழுத்துச் சுரப்பி அளவு மீறிச் சுரந்ததால், எட்டு மாதமாக என் இரண்டு கண்களும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன. இமைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. தூக்கத்திலும் வெள்ளைவிழி தெரிகிறதாம்; மனைவி ஈரத்துணி போட்டு மூடுகிறாள். மருந்துக் குளிசைகள் சுரப்பியை அடக்கிவிட்டன. இனிக் கண் காய்ந்து கெடாமல் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அதற்கு முன், நோய் வருமுன் எடுத்த படமொன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார் டொக்டர்.

வீட்டில் சண்டை அங்கேதான் தொடங்கியது. எங்கள் கலியாணப் படத்தில் இருவரும் நிலத்தைப் பார்த்து நிற்கிறோம். மற்றபடி குடும்பமாகப் படத்துக்கு நிற்பது செத்தவீட்டில்தான். பெட்டி மூடுமுன் சுற்றி நின்று எடுப்பது வழக்கம். என் பழைய கண்கள், என்னைப் பெற்ற ஐயாவின் செத்தவீட்டுப் படத்தில் மட்டுமே இருந்தன.

"பிரேதம் கிடக்கிற படத்தோடை ஒப்பிரேசனுக்கோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி. அவள் அடுக்களைக்குள் போன நேரம் பார்த்துப் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

காலை 7.00. வல்லைவெளி. மரமில்லை, வீடில்லை, வானம் வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் இடம். உப்புக்காற்று கண்ணுக்குள் மணலாய் உரசியது. நின்றபடி வந்த என்னைக் கொண்டக்டர் நெருக்கினான்.

"அண்ணை, உள்ளுக்குப் போங்கோ எண்டுதானே சொன்னனான். அதுக்கேன் என்னை விழுங்கிற மாதிரி முழிசுறியள்?"

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். அருகே இருந்த இளந்தாய் மட்டும் சிரிக்கவில்லை. சேலைத்தலைப்பால் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"கண்ணூறு பட்டிடும்," என்று பக்கத்துப் பெண்ணிடம் மெல்லச் சொன்னாள். எனக்குக் கேட்டது.

காலை 9.15. ஆஸ்பத்திரியின் கண் பகுதி. டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"கருவிழி காயத் தொடங்கியிட்டுது. இமையின்ரை வெளி ஓரத்தை மேலையும் கீழையும் சேர்த்துத் தைக்கவேணும்."

"தைக்கிறதோ?"

"ஓம், நூலாலைதான். விட்டால் பார்வை போயிடும்."

கிழிந்த சாக்கைத் தைப்பார்கள். வலையைத் தைப்பார்கள். கண்ணையுமா? திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வர வேண்டும், தண்ணீரும் கூடாது, இமைமயிரைக் கத்தரிப்பார்கள் என்றெல்லாம் அவர் சொன்னது தூரத்தில் யாருக்கோ சொல்வதுபோலக் கேட்டது.

படத்தைக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி பிடித்தார்.

"இதிலை நீங்கள் ஆர்?"

அந்தக் கேள்வி கன்னத்தில் அறைந்தது. விரல் வைத்துக் காட்டினேன். என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடி ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது.

"பக்கத்திலை நிக்கிறவ ஆர்?"

"என்ரை அக்கா."

"கருவிழிக்கு மேலை வெள்ளை தெரியுது, பாருங்கோ. கழுத்தும் வீங்கியிருக்கு. உவவுக்கும் உங்கடை வருத்தம்தான், இதே சுரப்பி நோய். ஓரிடமும் காட்டேல்லையோ?"

காட்டவில்லை. ஒளித்தோம். பதினொரு வருடமாக அவளைக் கண்ணூறுக்காரி என்றோம். அவள் வந்தால் குழந்தைகளை அறைக்குள் தள்ளினோம். இடக்கண்ணில் பூ விழுந்து பார்வை போனபோது, பொறாமைக்குக் கிடைத்த கூலி என்று ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை. உண்மையில், நானும் நம்பினேன். இடக்கண் போனதை மட்டும் டொக்டரிடம் சொன்னேன்.

"மற்றக் கண் தெரியுதோ?"

"தெரியுது."

"அப்ப அதையாவது காப்பாத்துவம். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ."

பகல் 12.10. திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்கு டிக்கெட் எடுக்கவில்லை, அக்கா இருக்கும் புத்தூரில் இறங்கினேன். சந்தியிலிருந்து அரை மைல் நடை. செம்மண் வெயிலில் பழுத்திருந்தது. வெங்காயப் பாத்திகளுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நெல்லியடியிலிருந்து இங்கே ஏழு மைல்தான். நான் வந்து இரண்டு வருடம். பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்குக்கு ஒரு கிழமைக்கு முன் இந்த முற்றத்தில் நின்று, "நீங்கள் வரவேண்டாம் அக்கா, சனம் கதைக்கும்" என்று சொல்லிப் போனதுதான் கடைசி.

அக்கா வெங்காயம் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அப்படிப் பழகிவிட்டாள்.

"ஆரது?"

"நான்தான் அக்கா."

ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். கையிலிருந்த பிடி விழுந்தது.

"ஐயோ தம்பி, உனக்கும் வந்திட்டுதே!"

எல்லாவற்றையும் சொன்னேன். படம், சுரப்பி, நூல், திங்கட்கிழமை. "உது வருத்தம், அக்கா. கண்ணூறு இல்லை. மருந்து இருக்கு. என்னோடை வாங்கோ."

"வாறன்," என்றாள் உடனே. விழுந்த பிடியை ஈரமண் ஒட்டிய விரல்களால் எடுத்துக் கட்டினாள்.

"அப்ப, பிள்ளையின்ரை சாமத்தியத்துக்கு நான் வந்திருக்கலாமே, தம்பி?"

குனிந்தேன். கண்ணை மூடிக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை.

மூன்று மணி பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்துப் போயிற்று. நாலரை பஸ்ஸும் போயிற்று. அந்த முற்றத்திலிருந்து எப்படி எழுந்து புறப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.